சங்கத்தில் ஒரு கையெழுத்து

முப்பத்தாறு வருஷம் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருஷம் மேலாளர் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் ஒன்று உண்டு: யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே. அண்ணன் தம்பியாக இருந்தாலும் போடாதே. நானும் போட்டதில்லை. கேட்டு வந்த சொந்தக்காரர்களை எல்லாம் "பேங்க் ரூல்ஸ்ல இடமில்லைப்பா" என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

2021 ஆவணி மாதம், அறுபத்து நான்கு வயதில், எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போய் உட்கார்ந்து, பக்கத்துக் கழனிக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சங்கம் என்பது என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே ஓட்டை விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் இயக்கத் தோழர்கள் பலருக்குச் சங்கம் என்றால் யூரியா வாங்கும் இடம், ரேஷன் கடை, நகை வைக்கும் இடம் என்ற அளவில்தான் தெரிகிறது. வங்கியில் இருந்த எனக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது என்பதை வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறேன்.

உரம் எடுத்தாத்தான் முழு லோன்

வீடு அம்பத்தூரில். கழனி திருநின்றவூர் தாண்டி, இரண்டு ஏக்கர் இருபது சென்ட், அப்பா வைத்துவிட்டுப் போனது. காலையில் அரக்கோணம் லோக்கல் பிடித்துப் போய்விட்டு சாயந்திரம் திரும்புகிறவன் நான். ஆவடி, பட்டாபிராம் தாண்டிய பிறகுதான் ஜன்னலில் கொஞ்சம் பச்சை தெரியும். அந்தப் பச்சையும் வருஷா வருஷம் மேற்கே நகர்ந்துகொண்டே போகிறது.

2017-இல் ஓய்வு பெற்றேன். போர் இறக்கியது, வரப்பு உயர்த்தியது, மாடு வாங்கியது என்று கையிருப்பு கரைந்தது. 2018 சம்பாவுக்குக் கடன் தேவைப்பட்டது. நான் வேலை பார்த்த வங்கியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, நாள் தவறாமல் கட்டினால் வட்டியே கிடையாது. தமிழ்நாட்டில் 2009-இல் இருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. வட்டி இல்லாத பணம் இருக்கும்போது வேறு எங்கே போவது?

சங்கத்துச் செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சிட்டா, அடங்கல், ஆதார், ரெண்டு போட்டோ கொடுங்க சார். பங்குத் தொகை கட்டி மெம்பராயிடுங்க. அப்புறம் ஒரு ஜாமீன்தாரர் வேணும். அவரும் நம்ம சங்கத்து மெம்பரா இருக்கணும்."

பங்குத் தொகை கட்டினேன். ஜாமீனுக்கு யாரைக் கேட்பது என்று தயங்கிக்கொண்டே கழனிக்கு வந்தேன். மேற்கே என் வரப்பை ஒட்டிக் கழனி வைத்திருப்பவர் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை ஏக்கர்க்காரர், என்னைவிட பத்து வயது சின்னவர். விஷயத்தைச் சொன்னேன். "இன்னா சார், இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கறீங்க? கையெழுத்துதானே, வாங்க போலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எவ்வளவு கடன் என்றுகூடக் கேட்கவில்லை. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படி ஒரு ஜாமீன்தாரரைப் பார்த்தால், "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று கண்டித்திருப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

கடன் தாளைப் பார்த்தபோதுதான் அடுத்த சிக்கல். ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் அளவை நிர்ணயிப்பது சங்கம் இல்லை. மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு இருக்கிறது. நெல்லுக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, மல்லிகைக்கு இவ்வளவு என்று அந்தக் குழு வருஷா வருஷம் பட்டியல் போடும். அதில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி பொருள். பொருள் என்றால் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ்.

"உரம் வேண்டாம்ப்பா. நான் இயற்கை முறையில பண்றேன்" என்றேன்.

"உரம் எடுத்தாத்தான் முழு லோன் சார். இல்லைன்னா ரொக்கம் மட்டும்தான் தர முடியும்."

ரொக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். தொழு உரத்துக்கும், வேப்பம் புண்ணாக்குக்கும், தக்கைப்பூண்டு விதைக்கும் கைக்காசுதான். மற்ற இயற்கை உழவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். சில பேர் மூட்டையை எடுத்து, அடுத்த ஊர்க்காரருக்கு விலை குறைத்துத் தள்ளிவிட்டுக் காசாக்கிக்கொள்கிறார்கள். அதாவது, விஷம் வேண்டாம் என்று முடிவெடுத்தவன் முழுக் கடன் வாங்குவதற்காக விஷத்தை வாங்கி, நஷ்டத்துக்கு விற்று, இன்னொருவன் மண்ணில் போட வைக்க வேண்டும். யாரையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இது யாருடைய சங்கம், இதன் விதியை எழுதியது யார் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்தது.

செவ்வாப்பேட்டையில் இறங்கினால் வரலாறு

நான் தினமும் இறங்கும் ஸ்டேஷனுக்கு அடுத்தடுத்த ஸ்டேஷன்கள் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு. செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில்தான் திரூர். நம்மில் பலருக்கு அந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தால் தெரிந்திருக்கும். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் அந்தத் திரூர்க்குப்பத்துப் பெயரைத் தாங்கியவைதான். ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. 1904-இல் சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் அங்கேதான் தொடங்கியது. கர்நாடகத்துக்காரர்கள் கதக் பக்கம் கனகினஹாளில் 1905-இல் பதிவான சங்கத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நம் ஊர் அதற்கும் ஒரு வருஷம் முந்தியது. அதே 1904 அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. நகர வங்கிகளில் நாட்டிலேயே முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். இரண்டும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

இது திடீரென்று முளைத்தது இல்லை. ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை, உழவர்களின் கடன் தொல்லைக்கு வழி தேடச் சொல்லி 1892-இல் சென்னை அரசு நியமித்தது. அவர் ஐரோப்பாவின் ஏற்பாடுகளை எல்லாம் படித்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை கொடுத்தார். அவர் மனம் நின்ற இடம் ஜெர்மனி. அங்கே ரைஃபைசன் என்பவர் ஒரு கிராமத்து மேயர். 1846-47 பஞ்சத்தில் ஊர் சனங்களுக்கு ரொட்டிக்கு ஏற்பாடு செய்தவர். தர்மம் கொடுத்தால் மக்கள் நிமிர மாட்டார்கள், அவர்களே சேர்ந்து கடன் வாங்கி அவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வந்து, 1864-இல் ஹெடஸ்டார்ஃப் என்ற ஊரில் கடன் சங்கம் அமைத்தார்.

1904-ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த வழியில்தான் வந்தது. ஒரே ஊரில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். கிராமச் சங்கமாக இருந்தால் உறுப்பினர்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பு. இந்த வார்த்தையை நிறுத்திப் படியுங்கள். சங்கம் கடனைக் கட்ட முடியாமல் போனால், ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து வரைக்கும் பொறுப்பு. கேட்டால் பயமாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்தப் பயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் சொத்துக்கே ஆபத்து என்றால், குடிகாரனுக்குக் கடன் கொடுக்கச் சம்மதிப்பீர்களா? கிணறு வெட்டுகிறேன் என்று வாங்கியவன் நிஜமாகவே வெட்டுகிறானா என்று போய்ப் பார்க்காமல் இருப்பீர்களா?

வங்கியில் எனக்கு ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வருமான வரித் தாள், சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று, வக்கீல் அபிப்பிராயம் என்று ஒரு கத்தைக் காகிதம் தேவைப்பட்டது. அத்தனையும் பார்த்துக் கொடுத்த கடனும் வாராக்கடன் ஆனது உண்டு. ஊருக்குள் பக்கத்து வரப்புக்காரனுக்கு அந்தக் காகிதம் எதுவும் வேண்டாம். யார் உழைப்பாளி, யார் சீட்டாடுகிறவன், யார் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று அவனுக்குத் தெரியும். பணக்காரனுக்கு அடமானம் வைக்கச் சொத்து இருக்கிறது. ஏழைக்கு அவனைத் தெரிந்த நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரையே அடமானமாக ஏற்றுக்கொள்வதுதான் கூட்டுறவு.

பணம் வரும் வழி

நம் ஊர்ச் சங்கத்தில் கிடைக்கும் பயிர்க்கடன் எங்கிருந்து வருகிறது? மூன்று படிகள். மேலே தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. அது 1905-இல் சென்னை மத்திய நகர வங்கியாகத் தொடங்கியது. நடுவில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள். நம் திருவள்ளூர்ப் பக்கத்துச் சங்கங்களுக்குக் காஞ்சிபுரம் மத்தியக் கூட்டுறவு வங்கி. கீழே ஊர்ச் சங்கங்கள், 4,400-க்கும் மேல். இந்த மூன்றுக்கும் பின்னால் 1982-இல் தொடங்கிய நபார்டு வங்கி மறுநிதி கொடுக்கிறது. ஏரியில் இருந்து மதகு, மதகில் இருந்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து கழனி என்று தண்ணீர் வருகிற மாதிரிதான்.

பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் அதில் 3 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது, மீதி 4 சதவீதத்தை மாநில அரசு ஏற்கிறது. நமக்குச் சுழி. ஒருநாள் தவறினாலும் இந்தச் சலுகை போய்விடும். ஆகையால் தவணைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இதை நான் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டே நாள் பிந்தி முழு வட்டியும் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை, பழைய வங்கிக்காரன் என்ற முறையில். வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மும்பையில் 2019-இல் ஒரு பெரிய கூட்டுறவு வங்கி, தன் கடனில் பெரும்பகுதியை ஒரே கட்டுமானக் கம்பெனிக்கு மறைத்துக் கொடுத்துவிட்டுச் சரிந்தது. அதற்குப் பிறகுதான், 2020 பிப்ரவரியில், 1 லட்சமாக இருந்த வரம்பு 5 லட்சமானது. இந்தக் காப்பீடு மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், மாநில வங்கிக்கும், நகர வங்கிகளுக்கும் உண்டு. ஊர்ச் சங்கத்துக்கு இல்லை. ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் ஊர்ச் சங்கம் வங்கியே இல்லை. சங்கத்தில் பணம் போடாதே என்று நான் சொல்லவில்லை. நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள். போட்ட பணத்துக்கு, வருஷத்துக்கு ஒருதரம் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறுப்பினருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு.

ஓட்டை விழுந்த இடம்

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் இப்படி ஆனது?

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-52-இல், நாடு முழுவதும் கிராமக் கடன் ஆய்வு ஒன்றை ரிசர்வ் வங்கி நடத்தியது. திரூரில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆன பிறகு, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம்தான். வட்டிக்காரர்களின் பங்கு 70 சதவீதத்துக்குப் பக்கம். 1954-இல் வெளிவந்த அந்த அறிக்கை, கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது வென்றே ஆக வேண்டும் என்ற கருத்தில் பேசியது. அதற்கு வழியாக அரசே சங்கங்களில் பங்கு முதல் போட வேண்டும் என்றது.

பணம் வந்தது. பணத்தோடு அதிகாரமும் வந்தது. பங்கு போட்டவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? 1976-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களை எடுத்துவிட்டுத் தனி அலுவலர்களை நியமிக்கத் தனிச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் சங்கங்களும் ஆட்டம் கண்டன. 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. 2018 குழுக்களின் ஐந்து வருஷம் 2023-இல் முடிந்தது; மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பொருளாதார அறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையிலான குழு, சங்கங்களின் நஷ்டத்தைத் துடைக்க அரசு பணம் தரட்டும், ஆனால் அதற்குப் பதிலாகச் சங்கத்தை உறுப்பினர் கையில் விட்டுவிடட்டும் என்று 2005-லேயே சொன்னது. பணம் கொடுப்பது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. விட்டுவிடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உறுப்பினர்களான நாமும் யோக்கியர்கள் இல்லை. கம்பெனியில் பங்குக்கு ஓட்டு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம் ஓட்டு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. பத்து ஏக்கர்க்காரருக்கும் பத்து சென்ட்காரருக்கும் ஒன்றுதான். இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேரவைக் கூட்டத்துக்கு நாம் போவதில்லை. கையெழுத்து வாங்க வீட்டுக்கு நோட்டு வந்தால், காபி கொடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம்.

கம்மல்

இப்போது மேற்குக் கழனிக்காரர் கதைக்கு வருகிறேன்.

2020 சம்பாவுக்கு அவர் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தார். கொரோனா வருஷம், கையில் பணமில்லை. தவணைத் தேதி 2021 ஜனவரிக் கடைசி. பொங்கலுக்கு முந்தின வாரம் அவர் மனைவியின் கம்மலை விற்றுக் கடனைக் கட்டினார். அடமானம் வைத்தால் வட்டி ஓடும் என்று விற்றே விட்டார். "கடன் நின்னா தூக்கம் வராது சார்" என்றார்.

2021 பிப்ரவரி 5. கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 16.43 லட்சம் உழவர்கள், 12,110 கோடி ரூபாய். ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன்களுக்கு. இவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நிலுவை இல்லையே! அடுத்த தெருவில் இரண்டு வருஷமாகக் கட்டாமல் இருந்தவருக்குத் தள்ளுபடிச் சான்றிதழ் வந்தது.

வங்கிக்காரனாக நான் தள்ளுபடியை எப்போதும் திட்டியவன். 2006-இல் தள்ளுபடி, 2016-இல் சிறு குறு உழவர்களுக்குத் தள்ளுபடி, 2021-இல் மறுபடி. ஒழுங்காகக் கட்டுகிறவனைப் பைத்தியக்காரன் ஆக்குகிற வேலை என்று பேசுவேன். ஆனால் கழனிக்கு வந்த பிறகு அவ்வளவு திட்டவட்டமாகப் பேச முடியவில்லை. வெள்ளத்திலும் வறட்சியிலும் நிஜமாகவே மூழ்கிப்போன குடும்பங்களை அந்தத் தள்ளுபடி தூக்கிவிட்டதையும் கண்ணால் பார்த்தேன். விளைச்சலுக்கு விலை கொடுக்காத நாட்டில் கடன் தள்ளுபடி ஒரு வகையில் பாக்கியைத் தீர்ப்பதுதான். என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். அரசு அந்தப் பணத்தைச் சங்கத்துக்குத் தவணை தவணையாகத்தான் திருப்பித் தருகிறது. அதுவரை சங்கத்தின் கை இறுகிப்போகிறது. கட்டினவருக்கு ஒரு நன்றி வார்த்தைகூட இல்லை.

அந்த வருஷம் ஆவணியில் அவருக்கு மறுபடி கடன் தேவை. வழக்கமாக அவருக்கு ஜாமீன் போடுகிறவர் மறுத்துவிட்டார். "இனிமே எவன் கட்டப் போறான்? அடுத்த எலெக்‌ஷன்ல மறுபடி தள்ளுபடி வரும். நீயும் கட்ட மாட்டே. நான் ஏன் மாட்டிக்கணும்?" என்றாராம். தள்ளுபடி என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதை எந்த அறிக்கையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அது பணத்தை மட்டும் துடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மேலிருந்த நம்பிக்கையையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. திரூரில் பத்துப் பேர் எதை அடமானமாக வைத்தார்களோ, அதுவே போய்விட்டது.

அவர் என்னிடம் கேட்கவே இல்லை. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து தந்தண்டல்காரரிடம் வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பத்தாயிரம் என்றால் பிடித்தம் போக எட்டரை ஆயிரம் கைக்கு வரும், நூறு நாள் தினம் நூறு ரூபாய். "கிளம்புங்க, சங்கத்துக்குப் போகலாம்" என்றேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ஊருக்கெல்லாம் போடாதேன்னு சொன்னவரு நீங்கதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 2018-இல் அவர் எனக்குப் போட்ட கையெழுத்தைப் பற்றி அதுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னேன். அதற்குமேல் அவள் பேசவில்லை.

நவம்பரில் மழை கொட்டியது. அந்த வருஷ மழை சென்னையையும் திருவள்ளூரையும் படுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் சம்பா நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. ராத்திரியில் எனக்கு முழிப்பு வரும். அறுபதாயிரம் ரூபாய். கட்டமுடியாத தொகை இல்லை. ஆனாலும் முப்பத்தாறு வருஷப் பாடம் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டீக்கடையில் எல்லோரும் அவருக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான்: "கட்டாதே, வெயிட் பண்ணு."

தை மாதம் நவரைக்கு நாற்று விட்டார். நான் கொஞ்சம் விதை கொடுத்தேன், ஜீவாமிர்தம் இருவருக்கும் சேர்த்தே கலக்கினோம். உரம் வாங்கக் காசில்லாமல்தான் அவர் அந்தப் போகம் இயற்கைக்கு வந்தார், கொள்கையால் வரவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை, நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தோம். சித்திரையில் அறுத்தார். வைகாசியில், தவணைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, கட்டி முடித்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "உங்க பேரு இதுல கீது சார். நீங்களே வெச்சிக்கோங்க."

அந்த ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

உள்ளே போய்க் கேட்டது

2022-இல் எங்கள் பகுதி இயற்கை உழவர்கள் பதினொரு பேர் சங்கத்தில் உறுப்பினர் ஆனோம், அல்லது ஏற்கெனவே இருந்ததைப் புதுப்பித்தோம். பேரவைக் கூட்டத்துக்குச் சொல்லிவைத்துப் போனோம். இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தோம். ஒன்று, சங்கத்தின் உரக் கிடங்கில் வேப்பம் புண்ணாக்கும் பசுந்தாள் விதையும் வைக்க வேண்டும். இரண்டு, பயிர்க்கடனில் பொருள் பகுதியை இயற்கை இடுபொருளாகவோ ரொக்கமாகவோ தரவேண்டும் என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழுவுக்குச் சங்கம் கடிதம் எழுத வேண்டும்.

முதலாவது நடந்தது. அந்தப் பருவமே வேப்பம் புண்ணாக்கு மூட்டைகள் வந்து இறங்கின. வாங்கியவர்களில் ரசாயன உழவர்களும் உண்டு. இரண்டாவதுக்குக் கடிதம் போனது, பதில் வரவில்லை. அடுத்த வருஷம் நிர்வாகக் குழுவின் காலமும் முடிந்துவிட்டது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அந்தத் தாளை நகல் எடுத்துத் தனி அலுவலரிடம் கொடுத்து, கடிதத்தை மறுபடி எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாற்று வளர நாளாகும்.

இன்னொரு வேலை குத்தகைக்காரர்களுக்கானது. ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் சுற்றுவட்டாரத்தில் கழனி வைத்திருப்பவர்கள் பாதிப்பேர் நகரத்தில் இருக்கிறார்கள். மனை போடும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள். உழுகிறவர் குத்தகைக்காரர். அடங்கல் அவர் பெயரில் வராது. 1969-ஆம் வருஷச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யலாம்தான்; ஆனால் பதிவு என்று வாயெடுத்தாலே அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்காது. அடங்கல் இல்லாதவருக்கு வட்டியில்லாக் கடன் இல்லை. தண்டலும் வாரக் குழுவும்தான்.

இவர்களுக்கென்று இருப்பது கூட்டுப் பொறுப்புக் குழு. நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் நில ஆவணம் இல்லாமலே கடன் பெறும் ஏற்பாடு. நபார்டு ஊக்குவிப்பது. கவனித்தீர்களா? நூற்றிருபது வருஷம் கழித்து, பெயரை மாற்றிக்கொண்டு திரூர்தான் திரும்ப வந்திருக்கிறது. எங்கள் பக்கம் குத்தகைக்காரர் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். யார் யாரோடு சேர்வது என்று முடிவு செய்யவே மூன்று மாதம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை. அந்த மூன்று மாதப் பேச்சுதான் அவர்களுடைய அடமானப் பத்திரம்.

தோழர்களுக்குச் சில வார்த்தைகள்

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாமே, சங்கம் எதற்கு என்று நம் கூட்டங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். தொடங்குங்கள், விற்பனைக்கு அது நல்லது. ஆனால் வட்டியில்லாப் பயிர்க்கடன் வரும் வாய்க்கால் ஊர்ச் சங்கத்துக்குத்தான் வெட்டப்பட்டிருக்கிறது. வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று ஏரியை விட்டுவிட்டுப் போகிறவன் உழவன் இல்லை. குடிமராமத்து என்று ஒரு வழக்கம் நமக்கு உண்டே.

ஆகவே, உங்கள் ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர் ஆகுங்கள். வீட்டுப் பெண்கள் பெயரிலும் சேருங்கள். பேரவைக் கூட்டத் தேதியை விசாரித்துத் தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். வாயால் சண்டை போடாமல் எழுத்தில் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். உரம் வேண்டாம் என்றால் ரொக்கப் பகுதியை மட்டும் எடுங்கள். மூட்டையை எடுத்து இன்னொருவன் மண்ணில் தள்ளாதீர்கள். தவணைத் தேதிக்குள் கட்டுங்கள். தேர்தல் வந்தால் நில்லுங்கள், குறைந்தது ஓட்டாவது போடுங்கள்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றி என்ன சொல்வது? எல்லோருக்கும் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கழனியில் நாலு போகம் பார்த்த பிறகு போடுங்கள். நான் இதுவரை மூன்று பேருக்குப் போட்டிருக்கிறேன். மூன்றாவது ஆளுக்குத் தவணை வருகிற மாசியில். நேற்று அவர் கழனிப் பக்கம் போயிருந்தேன். தூயமல்லி, கதிர் வாங்க இன்னும் இருபது நாள் இருக்கும். வரப்பில் நின்று பயிரைப் பார்த்துவிட்டு, அவரிடம் கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், சாயந்திர வண்டியைப் பிடித்து அம்பத்தூர் வந்து சேர்ந்தேன்.